மெலிந்த காற்றும் மதிப்பிற்குரியவர்களும்

தேசிய இறக்கை வாரியத்தில் புதிதாக ஒரு திருகாணி வந்து சேர்ந்தாலும், மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, அதன் நுனியை வெட்டி மூத்த அதிகாரி ஒருவர் கையில் கொடுத்த பிறகுதான் அதைத் திருகுவார்கள். பழைய திருகாணியைக் கழற்றி எறிவதற்கும் அதே சோறுதான். பக்கத்தில் வைக்கும் கோழி மட்டும் சற்றுச் சிறியதாக இருக்கும். அப்படிப்பட்ட வாரியம், பதினொரு ஆண்டு பாடுபட்டுக் கட்டிய விமானத்தை மலைநாட்டிலிருந்து முழுப் பாரத்தோடு கிளப்பிச் சோதிக்கும் நாளில் சும்மா இருக்குமா?

விமானத்தின் பெயர் பெலிபிஸ். காட்டு வாத்தின் பெயர். ஜாவாவின் கடலோர ஓடுபாதைகளில் அது நன்றாகவே பறந்திருந்தது. இப்போது தானா திங்கி என்ற மலையூருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே ஓடுபாதையின் ஒரு முனையில் மலை, மறு முனையில் பள்ளத்தாக்கு. நடுவில் இருப்பது சரிவில்லாத ஒரே நிலம் என்பதால் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள்.

காற்றை அளப்பது பிரமுஜியின் வேலை. எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், இந்தக் காற்றில் இவ்வளவு பாரம் எழும்புமா எழும்பாதா என்று சொல்ல வேண்டும். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. தும்முவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவான் என்று அவன் மனைவி சொல்வாள். வீட்டில் ஒரு முழு மாலை அவன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. எண்கள் அவனுக்குப் பிடித்ததற்குக் காரணம், அவற்றைத் தாழ்ந்த குரலில் சொன்னாலும் குறையாது என்று அவன் நம்பியதுதான்.

விடியலில் புல்வெளியில் அவன் கருவிகளை நட்டுக்கொண்டிருந்தபோது விமானி தம்புனான் வந்தார். பத்தாக் இனத்தவர், தோபா ஏரிப் பக்கம். தன் ஊர் வழக்கப்படி எல்லா ஆண்களையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார், வாரியத் தலைவரைத் தவிர. தலைவரை அவர் கூப்பிடுவதே இல்லை.

"என்ன மச்சான், காத்து எப்படி?"

"பரவால்லங்க அண்ணே."

"பரவால்லன்னா என்னய்யா அர்த்தம்? உங்க ஜாவாக்காரங்க வீடு பத்தி எரிஞ்சாக்கூட 'கொஞ்சம் வெக்கையா இருக்கோ'ன்னுதான் கேப்பீங்க. பறக்கலாமா, கூடாதா?"

"பறக்கலாம். இப்பவே கிளம்பினா."

பதினான்கு டிகிரி. காற்று கனமாக, குளிர்ந்து, பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. விமானத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இருபத்திரண்டு டிகிரி வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் முழுப் பாரத்தோடு அந்த ஓடுபாதை போதாது. சோதனைத் திட்டத்தில் அவன் எழுதியிருந்ததும் அதுதான்: விடியலில் முழுப் பாரம், உச்சி வெயிலில் பாதிப் பாரம்.

"சூடான காத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் தம்புனான். "எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், இறக்கைக்குப் பிடி கிடைக்காது. இதெல்லாம் பரவால்ல. அந்த வேகமானி இருக்கு பாரு, அதுதான் துரோகி. காத்து மெலிஞ்சா அதுவும் கொறச்சுக் காட்டும். நான் மெதுவாப் போறேன்னு நெனச்சுட்டு இருப்பேன், கீழ தரை சும்மா பிச்சுக்கிட்டு ஓடும். மூக்குக்கு முன்னாடி பாதையில ஒரு மேடு வேற, அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. பாதை எவ்வளவு தின்னிருக்கேன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

அதற்காகத்தான் ஓடுபாதையின் நடுவில் ஒரு வெள்ளைப் பீப்பாய். விமானம் அதைத் தாண்டும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தரையிலிருந்து பிரமுஜி வானொலியில் ஒரே ஒரு சொல் சொல்வான்: "நிறுத்து." தம்புனான் நிறுத்திவிடுவார். பீப்பாயிலிருந்து பிரேக் பிடித்தால் பள்ளத்தாக்குக்கு முன்னால் நிற்க இடம் இருக்கிறது. அதைத் தாண்டிச் சொன்னால் இல்லை.

"ஒத்தச் சொல்லு. 'தயவுசெஞ்சு' கூடாது. 'முடிஞ்சா' கூடாது. உன் மரியாதையை மொழிபெயர்க்க எனக்கு அங்க நேரம் இருக்காது, சரியா?"

"சரிங்க அண்ணே."

"எங்க, சொல்லு பாப்போம்."

பிரமுஜி சுற்றிலும் பார்த்தான். புல்வெளியில் யாரும் இல்லை. ஆனாலும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "அப்ப சொல்லிடறேங்க," என்றான்.

தம்புனான் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆறு மணிக்கு விமானம் கிளம்பவில்லை. அமைச்சர் வரவில்லை என்பதால் அல்ல. அமைச்சரை வரவேற்க வேண்டிய ஆளுநரின் பிரதிநிதி வரவில்லை. அவரை வரவேற்க வேண்டிய வாரியத் தலைவர் விராஸ்மோ, தனக்கு முன்னால் யாராவது வந்து காத்திருந்தால்தானே தான் வருவதற்கு மரியாதை என்று விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்திருந்தார். காத்திருப்பதற்கென்றே பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொடிகளோடு நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வெயிலும் வந்தது.

பதினெட்டு டிகிரியில் பிரமுஜி வானத்தைப் பார்த்தான். மலைநாட்டில் அந்த மாதத்தில் காலையிலேயே மேகம் இறங்கிவிடும். அன்று ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. பந்தலுக்குப் பின்னால், மூங்கில் குச்சிகளில் சிவப்பு மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கோத்து வரிசையாக நட்டு வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் விழாக்குழு அட்டையுமாக ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மழையைத் தடுக்க வாரியம் அமர்த்தியிருந்த வார்சோனோ.

பிரமுஜிக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் போய் நின்றான்.

"ஐயா, தப்பா நெனச்சுக்கக் கூடாது. கொஞ்சம் மேகத்தை உள்ள விட முடியுங்களா? ரெண்டு மூணு போதும். ஓடுபாதை மேல நிழல் விழுந்தாப் போதும்."

"மேகமா? அதை வெரட்டத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க?"

"ஆமாங்க. ஆனா வெயில் ஏற ஏறக் காத்து மெலிஞ்சுருது. விமானம் எந்திரிக்காது."

வார்சோனோ கண்ணாடியைக் கழற்றி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, என் வேலை மழை. காத்து வேற டிபார்ட்மெண்ட். குழுத் தலைவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, மேகம் விடறேன். ஆனா அதுக்கு இன்னொரு கோழி ஆகும்."

குழுத் தலைவர் வரவேற்புத் துறையின் இலாஸ்திரி அம்மையார். அவரைத் தேடிப் போனபோது பிரமுஜிக்கு வேறொன்று தெரியவந்தது. பயணிகளுக்குப் பதிலாக விமானத்தில் வைத்திருந்த மணல் மூட்டைகளுக்கு பாத்திக் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் உறையிலும் ஓர் அரசுத் துறையின் பெயர், பூவேலையோடு. நிதித்துறை, உள்துறை, வேளாண்மை, மீன்வளம். பதவி வரிசைப்படி உட்கார்த்தி பெல்ட்டும் போட்டாகிவிட்டது. துணை விமானியின் இருக்கையில் அமைச்சரின் படத்தைச் சட்டத்தோடு நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். துணை விமானி சுவண்டா இடம் இல்லாமல் பந்தலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வாரியத்தின் முடிவுகளால் அன்று நன்மையடைந்த ஒரே மனிதன் அவன்தான்.

"அம்மா, இருபத்தி நாலு ஆயிருச்சு," என்றான் பிரமுஜி. "பாதி மூட்டையையாவது இறக்கிரலாமுங்களா?"

"தாராளமா இறக்கலாமே," என்றார் அவர் இனிமையாக. "எந்தத் துறையை இறக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

பிரமுஜி யோசித்தான். "மீன்வளத்தை... இது மலைதானுங்களே?"

"மீன்வளத் துறைச் செயலர் அதோ ரெண்டாவது வரிசைல உக்காந்திருக்கார். நீங்களே போய்ச் சொல்றீங்களா? 'ஐயா, உங்க துறைய எறக்கிட்டோம்'னு?"

பிரமுஜி மீன்வளத் துறைச் செயலரைப் பார்த்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எழுப்பி அப்படிச் சொல்ல அவனால் முடியாது.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார் இலாஸ்திரி. "உங்க வானொலிய ஒலிபெருக்கியோட இணைச்சிருக்கோம். விமானியும் நீங்களும் பேசறதை அமைச்சர் கேக்க ஆசைப்படறார். நீங்க என்ன பேசுவீங்க?"

"நான் பேச மாட்டேங்க. தேவைப்பட்டா மட்டும் ஒரு சொல்லு. நிறுத்துன்னு."

இலாஸ்திரியின் முகத்தில் நிஜமான வேதனை தெரிந்தது. "அமைச்சர் முன்னாடியா? மொட்டையாவா? யாரைப் பாத்துச் சொல்றீங்கன்னு அவர் நெனைப்பார்? நம்ம மேடையில மதிப்பிற்குரியவர்கள வரிசையா விளிக்காம யாராவது வாயத் தொறந்திருக்காங்களா? பள்ளிக்கூடத்துல எலிப்பொறி திறந்து வைக்கறவன்கூட விளிச்சுட்டுத்தானே பேசறான்?" ஓர் அட்டையை எடுத்து அவன் சட்டைப் பையில் அவரே வைத்தார். "வரிசை மாறாம எழுதிக் குடுத்திருக்கேன். இதை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்கங்க. உங்க சுதந்திரத்துல நான் தலையிடல."

தலைவர் விராஸ்மோ பேசினார். "சிலர் என்னிடம் வந்து, ஐயா, இந்த ஊரில் காற்று மெலிந்தது என்கிறார்கள். நண்பர்களே, இது அடிமைக் காலத்துப் பேச்சு! டச்சுக்காரன் நம்மைப் பார்த்துச் சொன்னான், உங்கள் காற்றில் கனமில்லை என்று. நாமும் நம்பினோம். பதினொரு ஆண்டாக ஏன் சோதனை முடியவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முடித்திருந்தால் இந்த வாரியம் எதற்கு? பதினொரு ஆண்டு இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது எது? முடியாத சோதனை!"

கைதட்டினார்கள். இருபத்தைந்து.

ஆளுநரின் பிரதிநிதி, ஆளுநர் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி மட்டுமே பேசினார். இருபத்தாறு. காற்றழுத்தமானியும் இறங்கிக்கொண்டிருந்தது. பிரமுஜிக்கு ஒவ்வொரு பேச்சும் ஓடுபாதையை ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு போவதாகத் தோன்றியது.

அமைச்சர் எழுந்தார். அவருக்கு யாரோ விஷயத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். "விமானக் கணக்குக்கெல்லாம் அளவுகோலாகத் தரக் காற்று என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். கடல்மட்டத்தில் பதினைந்து டிகிரி. நான் கேட்கிறேன், நம் தீவுகளில் எந்தக் கடற்கரையில் பதினைந்து டிகிரி அடிக்கிறது? யாரோ குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியது அது! இன்று, இந்த மண்ணில் நின்று அறிவிக்கிறேன். இப்போது இங்கே அடிக்கிற காற்று எதுவோ, அதுவே இனி நம் தேசத் தரக் காற்று!"

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிரமுஜியின் பிரிவுத் தலைவர் குனிந்து அவன் காதில், "பாத்தியா? இப்ப உன் கணக்குல வித்தியாசம் பூஜ்யம்," என்றார். அவர் கேலி செய்யவில்லை. நிம்மதியடைந்திருந்தார்.

இருபத்தெட்டு.

அவன் விமானத்துக்கு ஓடினான். தம்புனான் கதவருகில் நின்று, முன் வரிசையில் பூப்போட்ட உறையோடு உட்கார்ந்திருந்த நிதித்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேண்டாமுங்களே."

"எனக்குத் தெரியாதா? நான் முடியாதுன்னா சுவண்டாவ ஏத்துவாங்க. பேச்சு முடிஞ்சு அமைச்சர் கொடியோட நிக்கிறார். அந்தப் பய சின்னவன், சரின்னுருவான்." வெயிலில் கண்ணைச் சுருக்கி ஓடுபாதையைப் பார்த்தார். "பீப்பாய் வரைக்கும் ஓடறதுல ஒண்ணும் கெட்டுப்போகாது. அமைச்சரும் கொடி ஆட்டின சந்தோஷத்துல போவார். பீப்பாய்கிட்ட நீ சொல்லு, நான் நிறுத்தறேன். 'எஞ்சின்ல கோளாறு'ன்னு நான் சொல்லிக்கறேன். அவங்க சோறு சாப்பிடப் போயிருவாங்க."

"சரிங்க."

"மச்சான், ஒத்தச் சொல்லு."

"சரிங்க அண்ணே."

மேடையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் வானொலி; அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி. அமைச்சர் அவன் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். கொடி அசைந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. பெலிபிஸ் ஓடத் தொடங்கியது.

ஓட்டம் சோம்பலாக இருந்தது. அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. எஞ்சின் சத்தம் குறையவில்லை, ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஆளில்லை. பீப்பாய் நெருங்கியது. முன்சக்கரம் தரையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் பொத்தானை அழுத்தினான். பையிலிருந்த அட்டையை அவன் எடுக்கவில்லை. எடுக்கப்போவதில்லை என்று காலையிலேயே தீர்மானித்திருந்தான். சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தான்.

"மதிப்பிற்குரிய மாண்புமிகு அமைச்சர் அவர்களே," என்று ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது.

பந்தல் அடங்கியது. எவ்வளவு தெளிவான குரல் என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. முப்பது ஆண்டாகப் பள்ளியிலும் அலுவலகத்திலும் திருமணப் பந்தலிலும் ஒலிவாங்கி முன்னால் அந்த வாய் வேறெதையும் முதலில் சொன்னதில்லை.

"மதிப்பிற்குரிய ஆளுநரின் பிரதிநிதி அவர்களே..."

பிரதிநிதி பாதி எழுந்து தலை வணங்கினார். விமானம் பீப்பாயைத் தாண்டியது.

"மதிப்பிற்குரிய வாரியத் தலைவர்..."

"மச்சான்?" என்றது ஒலிபெருக்கி. தம்புனானின் குரல். கோபம் இல்லை. இருட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பது போலிருந்தது.

பிறகுதான் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். ஆனால் தன் பெயர் வந்ததற்காகத் தலைவர் எழுந்திருந்தார், அவருக்காக எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்; பந்தலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிரேக் புகை எழும்பியது. பெலிபிஸ் ஓடுபாதையின் விளிம்பைக் கடந்து, பறவை தலை சாய்ப்பது போல மூக்கைத் தாழ்த்தி, பள்ளத்தாக்குக்குள் மறைந்தது.

"ஆஹா!" என்றார் அமைச்சர். "என்ன இலாவகம்!"

வாத்தியம் வேகம் பிடித்தது. பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். மஞ்சள் சோற்றின் நுனியை வெட்டி அமைச்சர் கையில் கொடுத்தார்கள். கறுப்புப் புகை மேலே வந்தபோது, அது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா இல்லையா என்று இலாஸ்திரி அம்மையாரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாரணைக் குழு நியாயமாக நடந்துகொண்டது. காற்று ஒத்துழைக்கவில்லை என்று கண்டறிந்தது. ஒரு சொட்டு மழைகூட விழாததால் வார்சோனோவுக்கு நற்சான்று வழங்கியது. மூட்டைகளை இழந்த துறைகளுக்குத் தனித்தனியே அனுதாபம் தெரிவித்தது. பிரமுஜியை அழைத்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அப்படிப்பட்ட நெருக்கடியிலும் பண்பு குலையாதவர் என்று குழுவின் தலைவர் பாராட்டினார். ஒரே ஒரு குறை: துணை ஆட்சியர் பெயர் விடுபட்டுவிட்டது. அடுத்த முறை கவனமாக இருக்கும்படி எச்சரித்தார்கள்.

"இருக்கறேங்க," என்றான் பிரமுஜி. வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

தம்புனானின் அடக்கம் தோபா ஏரிக்கரையில், பலிகே என்ற ஊரில். பிரமுஜி தனியாகப் போனான். முற்றம் நிறையக் கூட்டம். பத்தாக் வீட்டு இழவில் யாரும் தாழ்ந்த குரலில் பேசுவதில்லை. அழுகை, பாட்டு, இறந்தவர் மேல் இருந்த கோபம் எல்லாமே உரக்கத்தான். பேண்டுக்காரர்கள் தேவாலயப் பாட்டொன்றை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய அண்டாக்களில் இறைச்சி கிண்டினார்கள். வாசலில் ஒரு லாரி நாற்காலிகளோடு பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

தம்புனானின் மனைவி தியார்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரில் போய் அமர்ந்தான். அவனுக்கு மௌனம் பழக்கம். அவளுக்குப் பழக்கமில்லை.

"நீங்கதானா அந்த மச்சான்?"

"ஆமாங்க அக்கா."

"வீட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் பேச்சு. அவன் கணக்கு தப்பாதுடி, வாய்தான் தெறக்காதும்பார்." அவள் தோள்துணியால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க நிறுத்தச் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேங்க. கொஞ்சம்... கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கணும். மதிப்பிற்குரிய எல்லாரும் அங்க..."

"எனக்கு அதெல்லாம் வேணாம். என்ன சொல்லணும்னு இருந்தீங்களோ அதச் சொல்லுங்க. இப்ப."

"அக்கா, மன்னிக்கணும்..."

"மன்னிப்பு நான் கேக்கல. அந்தச் சொல்லக் கேட்டேன்."

பிரமுஜி பெட்டியைப் பார்த்தான். மூச்சை இழுத்தான். ஏரிக்கரைக் காற்று, மாலைக் குளிரில் கனமாக நெஞ்சுக்குள் இறங்கியது.

"நிறுத்து!"

ஊதிக்கொண்டிருந்தவர்களின் வாத்தியம் நின்றது. அழுதவர்கள் நிறுத்தினார்கள். அண்டாவில் சுழன்ற கரண்டி அப்படியே நின்றது. வாசலில் அந்த லாரிக்காரன்கூடச் சடாரென்று பிரேக்கை மிதித்து, எட்டிப் பார்த்தான்.

தியார்மா அந்த அமைதியைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே கேக்குது," என்றாள்.